பருப்புப் பொடிக்கு அடியில்

முகப்பேர்
9 ஜூன் 2024

அன்புள்ள எழிலுக்கு,

அம்மாவின் ஆசிகள். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. என் முட்டி வழக்கம்போல். போனில் பேசினால் மாப்பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறார். பெண்கள் சமாசாரத்தை எப்படிப் பேசுவது? அதனால்தான் எழுதுகிறேன்.

சிறுநீர் போகும்போது எரிகிறது என்றதற்கு மூலிகை டீ குடிக்கச் சொல்லி அனுப்பினாராமே உங்கள் ஜெர்மன் டாக்டர்? டீ குடிக்கச் சொல்ல டாக்டர் எதற்கு? நம் தெருமுனை டீக்கடைக்காரர் போதுமே.

மெடிக்கல் ஷாப் வீராசாமியிடம் சொன்னேன். "இன்னாம்மா, அந்த ஊர்ல ஒரு மாத்தர வாங்க கலெக்டர் கையெழுத்து ஓணுமா? ரெண்டு ஸ்ட்ரிப் எடுத்துக்கினு போய் அனுப்பு. எரிச்சல்னா ரெண்டு நாளு போட சொல்லு, அடங்கிடும்" என்றார். கூரியர்காரர் மாத்திரையைப் பார்த்தால் டாக்டர் சீட்டு கேட்பார். அதனால் பருப்புப் பொடி டப்பாவின் அடியில் ஸ்ட்ரிப்பை வைத்து, மேலே பொடியைக் கொட்டி அழுத்தியிருக்கிறேன். உனக்குப் பிடிக்கும் என்று பூண்டு கூடப் போட்டது. கையை விட்டுத் துழாவு.

உன் அம்மா,
பத்மா

---

ஸ்டுட்கார்ட்
30 ஜூன் 2024

என் அம்மாவுக்கு,

பொடி டப்பா வந்தது. அடியில் இருந்ததும் வந்தது. இரண்டே நாளில் எரிச்சல் போய்விட்டது. மீதியைத் துணி அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறேன். தீர்ந்துபோனால் உன் அடுத்த பார்சல் வரை திண்டாட வேண்டுமே. உன் மாப்பிள்ளை சரவணன் பார்த்தால், "வீராசாமி எந்தக் காலேஜில் எம்.பி.பி.எஸ். படித்தார்?" என்று ஆரம்பித்துவிடுவார்.

இன்னொரு செய்தி. ஐந்து வருடமாக நீ எந்தக் கோயிலுக்கெல்லாம் நடந்தாயோ, அங்கெல்லாம் போய்ச் சொல்லிவிடு. பிப்ரவரி என்கிறார்கள். அப்பாவிடம் நீயே சொல். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எழில்

---

முகப்பேர்
14 ஜூலை 2024

என் தங்கத்துக்கு,

அப்பா உன் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். எனக்குப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே வந்துவிடுவேன். பத்தியச் சாப்பாடு அந்த ஊரில் யாருக்குத் தெரியும்?

மாத்திரையை மிச்சம் பிடித்து வைத்தது நல்ல பழக்கம். நம் வீட்டில் மருந்தை வீணாக்கியதே இல்லை. ஆனால் பழையது இனி வேண்டாமாம். வயிற்றுப்பிள்ளைக்காரி என்றதும் வீராசாமி வேறு ஸ்ட்ரிப் கொடுத்தார். பொடிக்கு அடியில் இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், மனசில் வை. டாக்டர்கள் கேட்டால் எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை என்று சொல்லிவிடு. இந்தியாவிலிருந்து வந்தது என்று தெரிந்தால் சட்டம் பேசுவார்கள். மாப்பிள்ளையின் வேலைக்கும் இடைஞ்சல்.

உன் அம்மா,
பத்மா

---

ஸ்டுட்கார்ட்
13 அக்டோபர் 2024

அம்மா,

குழந்தை நன்றாக உதைக்கிறது. சாம்பார் சாப்பிட்ட அன்று கூடுதலாக உதைக்கிறது. மாதப் பரிசோதனையில் சிறுநீர் கேட்பார்கள். முந்தைய நாளே இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு போய்விடுவேன். சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

ஆனால் எரிச்சல் திரும்பத் திரும்ப வருகிறது. முன்பு இரண்டு நாளில் அடங்கும். இப்போது நான்கு நாள் ஆகிறது. ஸ்ட்ரிப்பில் கொஞ்சம்தான் இருக்கிறது. ஒன்று போட்டுக்கொண்டு நிறையத் தண்ணீர் குடித்துப் பார்க்கிறேன். நீ வருவதற்குள் சரியாகிவிடும்.

எழில்

---

முகப்பேர்
1 டிசம்பர் 2024

என் கண்ணுக்கு,

மாப்பிள்ளை போனில் சொன்ன நாளிலிருந்து இந்த வீட்டில் டி.வி. போடவில்லை. அப்பா வாசல் பக்கமே போவதில்லை. கீழ்வீட்டுக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. நேற்று முழுக்க மழை. பால்கூட வரவில்லை.

குறைப்பிரசவம், குழந்தைக்குக் கிருமி, மருந்துக்குக் கேட்கவில்லை. இந்த மூன்றைத்தான் மாப்பிள்ளை சொன்னார். மேலே கேட்டேன். வைத்துவிட்டார். உன்னிடம் போனைக் கொடுக்கவே இல்லை. கோபமா, அழுகையா, புரியவில்லை.

மருந்துக்குக் கேட்கவில்லை என்பதை வீராசாமியிடம் சொன்னேன். "அய்யய்யோ, மொதல்லயே சொல்லியிருந்தா ஸ்ட்ராங்காவே குட்த்திருப்பேனே! பெரிய ஆஸ்பத்திரில கடைசியா போடுவாங்களே, அந்த ஜாதி மருந்து இப்போ மாத்தரையாவே கீது. இதுக்கு மேல ஒண்ணும் கெடையாதும்மா" என்றார். அனுப்பியிருக்கிறேன். உன் உடம்பாவது தேறட்டும். மீதி வைக்காமல் வேண்டியபோதெல்லாம் போட்டுக்கொள், இன்னும் வாங்கித் தருகிறேன்.

டிக்கெட் போட்டாயிற்று. ஜனவரியில் வருகிறேன். பிள்ளையைப் பார்க்கத்தான் கொடுத்து வைக்கவில்லை. உன்னையாவது மடியில் போட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா

---

ஸ்டுட்கார்ட்
22 டிசம்பர் 2024

அம்மாவுக்கு,

பார்சல் வந்தது. மாத்திரைகளை அழித்துவிடச் சொல்லி இங்கே மருந்துக்கடையில் கொடுத்துவிட்டேன்.

சரவணன் உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறார். மீதியை நான் எழுதுகிறேன்.

குளிர்ஜுரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, முதலில் பார்த்த டாக்டர் கேட்டார்: "சமீபத்தில் ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீர்களா?" சரவணன் பக்கத்தில் நின்றார். இல்லை என்றேன். அந்த அம்மாள் இன்னொரு முறையும் கேட்டார். இல்லை என்றேன். நம்பி, வழக்கமாக முதலில் போடும் ஊசியைப் போட்டார்கள். நான் மாதக்கணக்கில் ஒன்றும் இரண்டுமாக விழுங்கிய மாத்திரையின் இனம்தான் அது. பாதியில் நிறுத்திய ஒவ்வொரு தடவையும் சாகாமல் தப்பிய கிருமிகள்தான் என்னிடம் பெருகியிருந்தன. அவற்றுக்கு அந்த ஊசி பழகிய மருந்து. சோதனை முடிவு வந்து மருந்தை மாற்றுவதற்குள் வலி எடுத்துவிட்டது. மாற்றிய மருந்தில் என் ஜுரம் இறங்கியது. குழந்தையின் ரத்தத்திலும் அதே கிருமி.

கண்ணாடிப் பெட்டியின் ஓட்டை வழியாக அவளைத் தொடச் சொன்னார்கள். என்னிடம் இருந்த கிருமி அங்கே மற்றக் குழந்தைகளுக்குப் பரவக் கூடாதென்று கையுறை போட்டுத்தான் விட்டார்கள். வெறும் கையால் என் மகளை நான் தொடவே இல்லை.

நீ சொல்லிக் கொடுத்ததால்தான் இல்லை என்றேன் என்று எழுத உட்கார்ந்தேன். நீ தூரத்தில் இருந்தாய், வாய் என்னுடையது. சரவணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என்னோடு பேசுகிறார், ஆபீஸில் யாரிடமோ பேசுவதுபோல.

அந்தக் கிருமி இன்னும் எனக்குள் இருக்கலாம், எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்கிறார்கள். அப்பாவுக்கு ஜுரம் வந்தால் வீராசாமியிடம் போகாதே. டாக்டரிடம் கூட்டிப் போ. அவர் எழுதிக் கொடுப்பதை மிச்சம் வைக்காமல் கொடு.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு. நீ வந்தால் அழுவாய். பரவாயில்லை அம்மா என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். என்னால் சொல்ல முடியாது.

பொடியும் இனி அனுப்ப வேண்டாம். டப்பாவைத் திறந்தால் என் கை தானாகவே அடியில் துழாவுகிறது.

எழிலரசி