பெருங்காய டப்பா

பாப்பாவின் அம்மாவுக்கு,

எல்லோரும் சுகம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். புருவத்தில் சின்னத் தையல், அவ்வளவுதான். பயப்படாதே.

கோதுமைத் தூசு பட்டாலே என் குடல் புண்ணாகும் என்பது உனக்குத் தெரியும். தனிச் சட்டி, தனிக் கரண்டி வைத்துச் சமைத்தும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. என் அறையில் இருக்கும் வெல்டர் அதே அடுப்பில் ரொட்டி சுடுகிறவன்.

"என் கரண்டியத் தொட்டியாடா?"

"ஆமா, பெரிய தங்கக் கரண்டி!" என்று சிரித்தான்.

அந்தக் கரண்டியாலேயே வாயில் ஓங்கி அடித்தேன். முன்பல் தெறித்து என் சோற்றுப் பானையில் விழுந்தது. அவன் என் தலையைப் பிடித்து அடுப்பு மேடையில் மோதினான். இருவர் ரத்தமும் தரையில் கலந்து கிடந்தது.

மறுநாள்தான் நீ அனுப்பிய பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் இருந்தது: கோதுமை மாவு சேர்த்தது.

அதைத் தூக்கி எறிந்தேன், வயிறு சரியாகிவிட்டது. இனி மாவு கலக்காததாகப் பார்த்து அனுப்பு. பாப்பா பேசுவதைப் பதிவு செய்தும் அனுப்பு, எவ்வளவு நீளமானாலும் சரி.

வேலைக்குப் போகும் கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன். டப்பா விஷயத்தை வெல்டரிடம் இன்னும் சொல்லவில்லை. ரொட்டி சுடுவதையே விட்டுவிட்டான். தினமும் பொக்கை வாயால் கேட்கிறான்: "பாத்தியா, நான் நிறுத்தினதும் உனக்கு சரியாயிடுச்சு!"

உன்னவன்