நடுக்கோடு

துடியலூர்
ஆடிக் கடைசி வெள்ளி

அன்புள்ள ஆதர்ஷுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

கடிதமா என்று சிரிப்பீர்கள். இந்த வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர். நான் ஹலோ சொல்வதற்குள் அத்தம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிடுகிறார். மகன் பேசுகிறான் என்று மாமய்யா டிவியின் சத்தத்தைக் குறைக்கிறார். அங்கே குளிரா, சாப்பிட்டாயா, வேலை எப்படி. கடைசியில் நீங்கள், சரி ஹாரிகா, வைக்கட்டுமா. தெலுங்கு நமக்குப் பேசத்தான் வரும், எழுத வராது. அதனால் தமிழ். தமிழில் உங்களோடு கொஞ்சம் மரியாதையாகச் சண்டை போடவும் முடிகிறது.

கம்பெனியின் ஐம்பதாம் ஆண்டு விழா ஆயுத பூஜை அன்று என்று முடிவாகிவிட்டது. புது லாபியில் ஒரு கண்ணாடிப் பெட்டி காலியாக நிற்கிறது. அதற்குள் 'ஓணான்' வர வேண்டுமாம். உங்கள் பங்காரு தாத்தாவின் ஷெட்டில் கிடந்த ஜீப் என்ஜினைப் போட்டு அந்தக் காலத்தில் ஓடிய டிராக் ரேஸ் வண்டி. நிஜ வண்டி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. கட்டடங்களுக்கு மாடல் செய்கிறவள்தானே, ஒரு வண்டி செய்ய மாட்டாயா என்று மாமய்யா கேட்டார். செய்கிறேன். எட்டில் ஒரு பங்கு அளவில்.

நீங்கள் அதைப் பார்த்ததில்லை. நீளமான இரும்புக் குழாய்ச் சட்டம். முன்னால் சைக்கிளுடையது போல இரண்டு ஒல்லிச் சக்கரங்கள். பின்னால் வழுக்கையான லாரி டயர்கள். ஓட்டுகிறவர் பின் அச்சுக்கும் பின்னால், ஏறக்குறைய வண்டிக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். வளைவே கிடையாது. நேராகக் கால் மைல். அதன் பிழைப்பு அவ்வளவுதான். தலையைத் தூக்கிக்கொண்டு நிற்பதால் கணபதி ஊர்க்காரர்கள் ஓணான் என்று பெயர் வைத்தார்கள்.

மாடி அறை நாறுகிறது. பெயிண்டில் கலக்கும் டின்னர், பசை, ஈயப் புகை. நகத்துக்கடியில் ரெசின். தயிர் சாதத்தில்கூட டின்னர். நேற்று என் தலைமுடியை நானே முகர்ந்து பார்த்து முகம் சுளித்தேன். ஆனால் பித்தளைக் குழாய்கள் இரண்டு சேரும் இடத்தில் ஈயம் ஓடி நிறையும் அந்த ஒரு நொடி நன்றாக இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும்.

வண்டியின் படம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். கறுப்பு வெள்ளை. அதுவும் நம் வீட்டில் இல்லை. கணபதியில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஷேக் பரீத் என்பவரிடம் இருந்தது. ஓணானைச் செய்தவரும் ஓட்டியவரும் அவருடைய அப்பா லத்தீப். தன் பட்டறையில் சட்டத்தை வெல்டிங் வைத்து, இடித்துப்போட்ட சினிமா தியேட்டரின் நாற்காலி ஒன்றை சீட்டாக மாட்டி, சென்னைப் பக்கம் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் ஓட்டியிருக்கிறார். மகன் பரீத், மூன்றாவது கியர் போடுகிற மாணவர்களைத் திட்டுகிறவர். எங்க அத்தா போன வேகத்தையெல்லாம் நான் மெதுவாப் போயித்தானுங்க கழிச்சுட்டிருக்கறேன் என்றார்.

படத்தில் வண்டியின் மூக்கில் வெள்ளையாக ஒரு வளைவு. இரண்டு முனையும் மேல்நோக்கி. பார்த்ததும் நாமம் என்றுதான் நினைத்தேன். நம் வீடுகளில் வளர்ந்த கண்ணுக்கு வேறு என்ன தோன்றும். பீரோவிலிருந்து கிரைண்டர் வரை அதுதானே. நடுக்கோட்டைக் காணோம். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு, வண்டியின் அடர்ந்த நிறத்தோடு கலந்து மறைந்திருக்கும் என்று நானே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். பிறகு பரீதிடம் மிகவும் தொழில் தெரிந்தவள் போலக் கேட்டேன். நடுக்கோடு என்ன சிவப்பு, குங்குமச் சிவப்பா, செங்கல் சிவப்பா.

அவர் சிரித்த சிரிப்பில், லைசென்ஸ் விஷயமாக வந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து நின்றுவிட்டாள். அம்மணி, அது பிறைங்க என்றார். பெருநாளன்னிக்கு அத்தா அவரு கையாலயே வரைஞ்சதுங்க. உங்க ஆளுக கண்ணுக்கு எல்லாமே நாமமாத்தான் தெரியுமாட்ட இருக்குது.

படத்தைக் கவரோடு கொடுத்தார். பணம் எதுவும் வேண்டாம் என்றார். அந்தப் பிறைய மட்டும் உட்றாதீங்க அம்மணி, அத்தா பேரு அந்த வண்டில வேற எங்கயும் இல்லீங்க, அது ஒண்ணுதான் இருக்குது என்றார். சரிங்க என்றேன்.

இரவு சாப்பிடும்போது என் அசட்டுத்தனத்தை மாமய்யாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அது நாமம்தான் என்றார். நடுக்கோடு அழிந்திருக்கும், நீ போட்டுவிடு என்றார். சிறு வயதில் அந்த வண்டியை ஓடுதளத்தில் பின்னாலிருந்து தள்ளிவிட்டவர் அவர். அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சினார். அந்தச் சத்தம் இதற்கு முன் என்னை ஒன்றும் செய்ததில்லை.

நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிறை பிறையாகவே இருக்கட்டும் என்று. உங்கள் வாயிலிருந்து வந்தால் கேட்பார்.

அத்தம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. உங்கள் நீலச் சட்டை பரணில் கிடைத்தது. துவைத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஹாரிகா


துடியலூர்
புரட்டாசி, முதல் சனி

அன்புள்ள ஆதர்ஷுக்கு,

உங்கள் குரல் செய்தி வந்தது. நான் பேசிக்கிறேன், நீ டென்ஷன் ஆகாதே. பின்னால் யாரோ கப் கழுவும் சத்தம். திரும்பத் திரும்பக் கேட்டேன். கப் கழுவும் சத்தம்தான் தெளிவாக இருந்தது.

ஓணானுக்கு உயிர் வந்துவிட்டது. தியேட்டர் நாற்காலியின் பிரம்புப் பின்னலுக்கு மீன் வலையின் நூலைப் பிரித்து எடுத்தேன். வெல்டிங் தழும்புகளை மாவுப்பசையில் ஊசியால் கீறிக் கீறி எழுப்பினேன். லத்தீப் வைத்த தழும்புகள் ஒழுங்கற்றவை. ஒன்று தடிமன், ஒன்று ஒல்லி. அவசரக்காரராக இருந்திருப்பார். முகம் தெரியாத ஒரு மனிதரின் அவசரத்தைச் சிறிதாக்கிச் செய்வது விசித்திரமாக இருக்கிறது. பச்சை பெயிண்ட் காய்வதற்குள் மாமய்யா வந்து கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். ரேகை பதிந்துவிட்டது. தேய்த்துவிட்டு மறுபடி அடித்தேன். அந்த ரேகை இன்னும் கீழே இருப்பது போலவே தோன்றுகிறது.

லாபிக்கான பலகை அச்சாகி வந்துவிட்டது. எங்கள் நிறுவனர் பங்காரு அவர்கள் வடிவமைத்து, ஓட்டி, வென்ற வண்டி. மூன்று வினைச்சொற்கள். ஒன்றுகூட அவர் செய்ததில்லை. அத்தம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, எங்க மாமனாருக்கு சைக்கிளே ஓட்ட வராதே, கேரியர்ல உட்கார்ந்துதானே போவாரு என்றார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். மாமய்யாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தம்மா அதே முந்தானையால் பலகையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் மறுபடியும் கேட்டேன். தாத்தாவின் பெயர் பெரிதாகவே இருக்கட்டும், என்ஜின் நம்முடையதுதான், அதையும் போடுவோம். லத்தீப் செய்தார், லத்தீப் ஓட்டினார் என்று கீழே ஒரு வரி. மூக்கில் பிறை. அவ்வளவுதானே.

கோபம் வந்தால் மாமய்யா தமிழுக்கு மாறுவார், உங்களுக்குத் தெரியும். என்ஜின் ஆரோடதுங்க என்று கேட்டார். நம்முளுது. என்ஜின் இல்லாட்டிப் போனா அது வெறும் கொழாயிங்க. என்னிடம் 'ங்க' போட்டுப் பேசினார். எனக்கு உடம்பு கூசியது. லாபிக்கு எத்தனையோ பேர் வருவாங்க, இன்னிக்கு இருக்கற நெலமைல அதையெல்லாம் எதுக்கு மூக்குல போட்டுட்டு நிக்கோணும் என்றார். அந்த பாயே ஒண்ணும் கேக்கறதில்ல, உனக்கென்ன வந்துது.

அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. என்ஜின் நம்முடையதுதான். அதுதான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது. முழுப் பொய் என்றால் ஒதுக்கிவைத்துவிட்டுப் போகலாம். இது உண்மையின் தோளில் கைபோட்டுக்கொண்டு வருகிறது.

நேற்று ஒன்று செய்தேன். ஒரு பிளாஸ்டிக் துண்டில் பிறையை வரைந்து, கை எப்படிப் போகிறது பார்க்கலாம் என்று நடுவில் சிவப்பை இழுத்தேன். ஒரே இழுப்பு. அழகாக விழுந்தது. பிறை காணாமல் போய்விட்டது. எதையும் அழிக்கவே வேண்டாம், சேர்த்தால் போதும். என் கைக்கு அது பிடித்திருந்தது. எழுந்து ஜன்னலைத் திறந்துவைத்தேன். வெளியில் மழை பெய்த மண் வாசனை. துண்டைக் கத்தரித்துக் குப்பையில் போட்டேன்.

வண்டி முடிந்துவிட்டது. மூக்கில் பிறை இருக்கிறது. கோடு போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். செரி உடும்மா என்றார் மாமய்யா. அவ்வளவு சீக்கிரம் அவர் எதையும் விட்டு நான் பார்த்ததில்லை.

விழாவுக்கு முன்னால் பேசிவிடுங்கள். நான் பரீதுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு அழைப்பிதழும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறை நல்லா வந்திருக்குதுங்களா என்றுதான் முதலில் கேட்டார்.

கம்பளி வாங்கினீர்களா. விலை பார்க்காமல் வாங்குங்கள்.

அன்புடன்,
ஹாரிகா


உடுமலைப்பேட்டை
ஆயுத பூஜை முடிந்த ஞாயிறு

அன்புள்ள ஆதர்ஷுக்கு,

அம்மா வீட்டில் இருக்கிறேன். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று துடியலூரில் சொல்லிவிட்டு வந்தேன். அம்மா நன்றாக இருக்கிறார்.

பூஜை குறையில்லாமல் நடந்தது. லேத்துகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. லாபியில் பெயிண்ட் வாசனை, அதன்மேல் சாமந்தி, அதன்மேல் கேசரி நெய். மூன்றும் சேர்ந்து தொண்டையில் நின்றன. பரீத் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மனைவியோடு வந்திருந்தார். முன்வரிசையில் உட்கார வைத்தேன்.

மாமய்யா பெட்டியின் மேலிருந்த துணியை எடுத்தார். ஓணான் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. மூக்கில் சிவப்புக் கோடு.

நம்பர் பிளேட் ஒட்டுகிற ஸ்டிக்கர் கடையில் வெட்டி வாங்கியிருக்கிறார்கள். யார் ஒட்டியது என்று கேட்கவில்லை. கோணலாக இருந்தது. ஓரத்தில் ஒரு காற்றுக் குமிழ். எவ்வளவு மோசமாக ஒட்டியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இந்த வரிசை எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். மாமய்யா மைக்கில் எங்கப்பா, எங்கப்பா என்று பேசினார். குரல் தழுதழுத்தது. உண்மையாகவே தழுதழுத்தது, ஆதர்ஷ். அவர் நம்ப ஆரம்பித்துவிட்டார்.

பரீத் எழுந்து வந்து கண்ணாடியில் மூச்சுப் படும்படி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். எங்க அத்தாவுக்கே நாமம் போட்டுட்டீங்களே அம்மணி என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமய்யாவும் சிரித்து அவர் முதுகில் தட்டினார். பாய்க்கு எப்பவும் குசும்புதானுங்க. பரீதின் மனைவி மட்டும் கேசரித் தட்டைத் தொடாமல் நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். வாரேனுங்க, வாரேனுங்க என்று ஒவ்வொருவரிடமாக விடைபெற்றார் பரீத். கடைசியாக என்னிடம்.

நான் போடலைங்க என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொன்னால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும். அந்த அளவுக்கு மரியாதைக்காரர். அந்த வேலையும் அவர் தலையிலா.

நீங்கள் வீடியோவில் இருந்தீர்கள். மாமய்யா போனை வண்டியின் மூக்கருகே கொண்டுபோய்க் காட்டினார். சூப்பர்ப்பா என்றீர்கள். அப்புறம் குடும்ப குரூப்பில் ஒரு மஞ்சள் கட்டைவிரல். அது பிறை என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டைவிரலைப் பார்த்தபின் போனைக் கழுவ வேண்டும் போலிருந்தது. விழாவுக்கு முன்னால் நீங்கள் அப்பாவோடு பேசினீர்களா என்று அத்தம்மாவிடம் விசாரித்தேன். பேசினானே என்றார். லாபிக்கு ஏசி போதுமா என்று அப்பாவிடம் கேட்டீர்களாம்.

மறுநாள் கணபதிக்குப் போனேன். படத்தைத் திருப்பிக் கொடுக்க. பரீத் ஒரு மாணவனை ரிவர்ஸ் எடுக்க வைத்துக்கொண்டிருந்தார். வாங்கிக் கவரைப் பிரித்து, படம் இருக்கிறதா என்று பார்த்தார். இதற்கு முன் அவர் அப்படிப் பார்க்கிறவர் அல்ல. டீ சாப்பிடறீங்களா என்றார். வேண்டாங்க என்றேன்.

மார்கழியில் நீங்கள் வருகிறீர்கள். விமான நிலையத்திலிருந்து மாமய்யா உங்களை நேராகக் கம்பெனிக்குத்தான் கூட்டிப்போவார். லாபியில் முதலில் அதுதான் கண்ணில் படும். பெட்டிக்குப் பூட்டு கிடையாது. பின்பக்கக் கண்ணாடியை இடதுபுறம் தள்ளினால் திறக்கும்.

அந்தச் சிவப்புக் கோட்டை அன்றைக்கே நான் எடுத்திருக்கலாம். மருமகள் கோபத்தில் எடுத்துவிட்டாள் என்று சொல்லி அடுத்த நாள் இன்னொன்று ஒட்டியிருப்பார்கள். ஸ்டிக்கர் கடை பக்கத்துத் தெருவில்தான். மகன் எடுத்தால் ஒட்ட மாட்டார்கள்.

மாமய்யா பக்கத்தில் நிற்கும்போது எடுங்கள். ஒரு நகம் போதும். கீழிருந்து மேலாக, மெதுவாக. வேகமாக இழுத்தால் பிறையின் வெள்ளையும் கூடவே உரிந்து வந்துவிடும்.

எடுத்துவிட்டு உடுமலைக்கு வாருங்கள். எந்த நேரமானாலும் பரவாயில்லை, அம்மா தோசைக்கு மாவு வைத்திருப்பார். எடுக்க முடியாவிட்டால் வேண்டாம். நீண்ட பயணம், களைப்பாக இருக்கும். துடியலூரிலேயே ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். உங்களுக்கு ஒரு குறையும் வராமல் பெருமாள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஹாரிகா