குருவிகள் வரட்டும், பார்க்கலாம்

ஸ்பார்ட்டன்ஸ்பர்க், பென்சில்வேனியா
பிப்ரவரி 17, 2009

அன்புள்ள எல்வா அக்காவுக்கு,

ரோடா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நலம். நலம் என்றால் போன மாதம் எப்படி இருந்தோமோ அப்படியே. அவருக்கு வலது கை இன்னும் எழும்பவில்லை, பேச்சும் திரும்பவில்லை. இடது கையால் சிலேட்டில் ஒரு வார்த்தை, மிஞ்சினால் இரண்டு எழுதுவார். பெரும்பாலும் "உப்பு". டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதை நான் போய் அவரிடமே சொன்னேன் பார், என்னைச் சொல்லணும். இப்போது மூன்று வேளையும் சிலேட்டை என் மூக்குக்கு நேரே நீட்டுகிறார்.

உன் ஆறு வாண்டுகளும் எப்படி இருக்கிறார்கள்? யோனஸ் அத்தானுக்கு மரவீடு கட்டும் வேலை இந்தக் குளிரிலும் நடக்கிறதா? நீ மொன்டானாவுக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது, அக்கா. உன் சமையலறையை நான் இன்னும் பார்க்கவில்லை.

சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் பைலர் வீட்டுக் கல்யாணத்துக்கு விஸ்கான்சினிலிருந்து மேலன் டெட்வைலர் வந்திருந்தார். மனைவி போய் மூன்று வருஷம், மூன்று பிள்ளைகள். அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தார். ஆம்பளை உரித்த லட்சணம், பாதிக் கிழங்கு தோலோடு போயிற்று. நம் சபையில்தான் போன் கிடையாதே, அதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு கடிதம் வருகிறது. போன கடிதத்தில் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்.

முப்பத்தெட்டு வயசில் கேட்க ஒரு ஆள் வந்ததே அதிசயம் என்று நீ நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது, அக்கா. எழுதும்போதே காது சுடுகிறது.

மே பாதிக்குள் பதில் சொல் என்கிறார். அதனால் கேட்கிறேன். அம்மா போனதிலிருந்து எட்டு வருஷம் அப்பாவை நான் பார்த்தேன், அவர் பக்கவாதத்தில் விழுந்த பிறகு இந்த மூன்று வருஷமும் பார்த்தேன். நாம் இரண்டே பேர். இனி நீ அவரை அழைத்துக்கொள்வாயா? அத்தானிடம் கேட்டு எழுது.

உன் தங்கை,
ரோடா


ரெக்ஸ்ஃபோர்ட், மொன்டானா
மார்ச் 6, 2009

என் கண்ணு ரோடாவுக்கு,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தேன், ஓட்ஸ் கஞ்சி அடிபிடித்துவிட்டது. மேலன் நல்ல மனுஷன் என்று இங்கேயும் சொல்கிறார்கள். உனக்கு இப்படி ஒன்று அமையணும் என்று நான் எத்தனை நாள் ஜெபித்திருப்பேன்.

அத்தானிடம் பேசினேன். அவருக்கு மனசு இல்லாமல் இல்லை. ஆனால் இந்த வீட்டில் எட்டுப் பேருக்கு மூன்று அறை. கீழ் அறையில் எப்போதும் ஈரம். அது போகட்டும், அப்பா வருவாரா, சொல்லு? அந்த ஜன்னலும், கொல்லையில் அந்தக் கம்பமும், குருவிகள் கூடு கட்டவென்று அதில் தொங்கும் பன்னிரண்டு சுரைக்குடுக்கையும்தானே அவருக்கு எல்லாம். இந்தப் பக்கம் யார் கொல்லையிலும் மார்ட்டின் குருவி கிடையாது. இங்கே கொண்டுவந்து அவரை எதைப் பார்க்க உட்காரவைப்பேன்?

அவருடைய முகச்சாடை உனக்குத்தான் புரியும். எனக்கு அந்தப் பொறுமை வராது, என்னைத் தெரியாதா உனக்கு? ஏப்ரலில் குருவிகள் வரட்டும். அவர் மனசும் கொஞ்சம் தெளியும். அப்புறம் பார்க்கலாம்.

கடைக்குட்டி நேற்று கோழிக்கூட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு ஊரையே கூட்டிவிட்டாள். அவளுக்கு உன் பிடிவாதம்.

மாறாத அன்புடன்,
எல்வா


ஸ்பார்ட்டன்ஸ்பர்க்
மார்ச் 20, 2009

அன்புள்ள அக்கா,

"குருவிகள் வரட்டும்" என்று எழுதிவிட்டாய். இந்த வீட்டில் எனக்கு இதைத் தவிர வேறு பதில் வந்ததே இல்லை.

இருபத்துநாலு வயசில் ஒண்டாரியோவில் ஒரு பள்ளிக்கு டீச்சராகக் கூப்பிட்டார்கள், ஞாபகம் இருக்கா? அப்பா சொன்னார், "குருவிங்க வரட்டும்மா, பார்க்கலாம்." வந்தன. "குஞ்சு பறக்கட்டும்மா." பறந்தன. ஆகஸ்டில் எல்லாம் கிளம்பிப் போனதும் ஒண்டாரியோவில் வேறு ஒருத்தியை வைத்துக்கொண்டார்கள். அந்தக் குருவிகள் பிரேசிலுக்குப் போய்விட்டு வருகின்றன, அக்கா. நான் ஈரி ஏரிக்கு அந்தப் பக்கம் போனதில்லை. சிரிக்காதே. நான் சிரித்துத்தான் எழுத ஆரம்பித்தேன், இப்போது சிரிப்பு வரவில்லை.

மேலன் எழுதியிருக்கிறார்: "உங்க அப்பாவையும் கூட்டிட்டு வா. நானே கம்பம் நட்டு, பன்னிரண்டு குடுக்கை கட்டித் தர்றேன்." இப்படி எழுத யாருக்கு மனசு வரும்? நான் அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிலேட்டை வாங்கி "வராது" என்று எழுதினார். தாம் வரமாட்டேன் என்றுகூட எழுதவில்லை. குருவி வராதாம். சண்டை போடவும் வழியில்லை, ஏனென்றால் அது உண்மை. அவை பழகிய கம்பத்துக்குத்தான் திரும்பும், ஆளுக்குப் பின்னால் வராது. புதுக் கம்பத்தில் ஒரு ஜோடி குடியேறவே எத்தனையோ வருஷம் ஆகும். அப்பாவுக்கு எழுபத்தொன்பது வயசு.

குடுக்கைகளைக் கழுவி, மரச்சீவல் போட்டு, மேலே ஏற்றிவிட்டேன். வாய்களை அடைத்து வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் சிட்டுக்குருவி முன்கூட்டியே புகுந்து, பின்னால் வரும் மார்ட்டின் முட்டைகளைக் கொத்தி உருட்டிவிடும். இந்த வருஷம் ஒரு சிட்டு ஏழாம் குடுக்கையின் மூடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அங்கேயே தொங்குகிறது. அதற்கு, உள்ளே நுழைந்ததும் கதவு விழுகிற பொறி வைக்கணும். பொறி வைத்தால் மணிக்கு ஒருதரம் போய்ப் பார்க்கணும் என்பது அப்பாவின் சட்டம், உனக்கும் தெரியும். இந்த வீட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை.

அத்தானிடம் இன்னொரு தடவை கேள். அறை ஈரமாக இருந்தால் நான் வந்து சுண்ணாம்பு அடித்துத் தருகிறேன்.

ரோடா


ஸ்பார்ட்டன்ஸ்பர்க்
ஏப்ரல் 14, 2009

அக்கா,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. வராவிட்டாலும் இதை உன்னிடம் சொல்லியாகணும், வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

போன வியாழக்கிழமை காலை மற்றக் குடுக்கைகளைத் திறந்துவிட்டு, ஏழாம் குடுக்கையில் பொறியை வைத்தேன். புனித வெள்ளிக்கு ஆட்கள் வருவார்கள் என்று பதினாலு ரொட்டிக்கு மாவு பிசைந்திருந்தேன். அதற்குள் அப்பாவின் படுக்கை நனைந்துவிட்டது. துவைத்து, உலர்த்தி, அவருக்கு உடை மாற்றி, ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு அடுப்புக்குப் போனேன். பத்து மணி இருக்கும். கரண்டியால் நாற்காலிக் கையைத் தட்ட ஆரம்பித்தார்.

"என்னப்பா, உப்பா?" என்றேன். இல்லையென்று தலையை ஆட்டினார். தட்டினார். சிலேட்டைக் கொடுத்தேன், நழுவிக் கீழே விழுந்தது. சாக்பீஸ் உடைந்தது. மறுபடி தட்டினார். ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. "கொஞ்ச நேரம் சும்மா இருக்கக் கூடாதா? நான் ஒருத்தி எத்தனைக்கு ஆவேன்?" என்று கத்திவிட்டேன். கத்தினது மட்டுமில்லை. நாற்காலியைப் பிடித்துச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டேன். பிள்ளைகளைக்கூட யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதையும் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

பொறி ஞாபகம் வந்தது மறுநாள் காலையில். கயிற்றை இறக்கிப் பார்த்தால், ஏழில் கதவு விழுந்திருந்தது. உள்ளே சிட்டு இல்லை. முதலில் வருமே அந்தக் கிழ ஆண், இடது இறக்கையில் ஒரே ஒரு வெள்ளை இறகு உள்ளது, அதுதான். ஐந்து வருஷமாக ஏழாம் குடுக்கை அதனுடையது. ஐயாயிரம் மைல் பறந்துவந்து நேராகத் தன் வீட்டுக்குள் போயிருக்கிறது. கதவை முட்டி முட்டி நெற்றியில் இறகே இல்லை. செத்து விறைத்திருந்தது.

அப்பா அது உள்ளே போனதைப் பார்த்திருக்கிறார். அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரைச் சுவரைப் பார்க்க வைத்தேன்.

மறைக்க முடியவில்லை. கையில் கொண்டுபோய்க் காட்டினேன். மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் மூடிக்கொண்டார். நாலு நாளாகப் பால் மட்டும்தான் குடிக்கிறார். உப்பும் கேட்கவில்லை.

மேலனுக்கு நான் எந்த முகத்தோடு எழுதுவேன்? பெற்ற அப்பாவை இப்படிச் செய்தவள் அவருடைய மூன்று பிள்ளைகளை வளர்க்கப் போகிறாளாக்கும். உன்னிடம் இனி எதுவும் கேட்கவில்லை, அக்கா. பயப்படாதே.

ரோடா


ரெக்ஸ்ஃபோர்ட்
ஏப்ரல் 20, 2009

ரோடா, என் செல்லமே,

நீ "பயப்படாதே" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வார்த்தையில் செத்துப்போனேன்.

மார்ச்சில் நான் எழுதியது பொய். அத்தானிடம் நான் கேட்கவே இல்லை. கீழ் அறையில் ஈரமும் இல்லை. அங்கே தையல் மிஷின் போட்டிருக்கிறேன், ஜன்னலில் மலை தெரியும். பதினோரு வருஷத்தில் எனக்கென்று கிடைத்த ஒரே மூலை. அப்பா வந்தால் அது போய்விடும் என்று நினைத்தேன். அதுகூடப் பரவாயில்லை. உன் கடிதங்களில் நீ படுகிற பாட்டைப் படித்துப் படித்து, அது எனக்கு வந்துவிடுமோ என்று நடுங்கினேன். நீ அங்கே மாட்டிக்கொண்டிருந்தாய், அதனால்தான் நான் இங்கே நிம்மதியாக இருந்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் இருந்தால் அதைவிடக் கேவலம்.

உன் கடிதத்தை அத்தானிடம் அப்படியே கொடுத்தேன். படித்துவிட்டு, "ஏன்டி, இதை எப்பவே கேட்டிருந்தா எப்பவே சரின்னு சொல்லியிருப்பேனே. என்னை ஏன் கெட்டவனாக்கி வச்சிருக்கே?" என்றார்.

ஆகவே கேள். சின்னவர்கள் இருவரோடு ரயிலில் கிளம்புகிறேன். மே 14, வியாழன், ஈரியில் இறங்கி வேனில் வருகிறேன். ஆகஸ்டில் குருவிகள் போகிறவரை அங்கேயே அப்பாவோடு இருப்பேன். அதற்கப்புறம் அத்தான் வந்து அப்பாவையும் எங்களையும் அழைத்துக்கொள்வார். நீ மேலனுக்கு உடனே எழுது. மற்றதை நேரில் திட்டு.

உன் அக்கா,
எல்வா


ஸ்பார்ட்டன்ஸ்பர்க்
ஏப்ரல் 28, 2009

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. தபால்பெட்டிப் பக்கத்தில் நின்றே மூன்று தடவை படித்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது, ரொம்ப நேரம் நிற்கவில்லை. மலை தெரிகிற ஜன்னலை யார்தான் விடுவார்கள்?

இங்கே நடந்ததை நீ தெரிந்துகொள்ளணும். பதினாறாம் தேதி அப்பா சிலேட்டைக் கேட்டு வாங்கி "அடை" என்று எழுதினார். எதை அடைக்க என்றேன். விரலால் கம்பத்தைக் காட்டினார். ஏழாவதையா என்றால் இல்லை, பன்னிரண்டையும். அப்புறம் அதை அழித்துவிட்டு "நீ போ" என்று எழுதினார். புரிந்ததா அக்கா? குருவிகள் வந்து, இடமில்லாமல் வேறு பக்கம் போய்விட்டால், அப்பா இங்கே இருந்தாகணும் என்ற கட்டாயம் இல்லை. நாற்பது வருஷம் வாசல் திறந்து வைத்த மனுஷன், எனக்காக அதைச் சாத்தச் சொன்னார்.

சாத்தினேன். மறுநாள் ஆறு குருவிகள் வந்தன. கம்பத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. மூடிகளைக் கொத்தின. கம்பியில் வரிசையாக உட்கார்ந்து கத்தின. அப்பா கொஞ்சநேரம் பார்த்தார். அப்புறம் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினார், அவரே. அந்த நாற்காலியை நான் இரண்டாவது தடவை திருப்பினேன்.

மூன்று நாள் தாங்கினேன். நாலாம் நாள் போய்க் கயிற்றை இறக்கி, பன்னிரண்டு மூடியையும் என் கையாலேயே பிடுங்கிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் உள்ளே போய்விட்டன. அப்பா என்னைப் பார்த்துத் தலையைத்தான் ஆட்டினார், என்னை வைத்து ஒன்றும் நடக்காது என்கிற மாதிரி. அன்றைக்கே உட்கார்ந்து, வர முடியாது என்று மேலனுக்குக் கடிதம் எழுதி, தபால்தலை ஒட்டி, அலமாரியில் வைத்தேன். எழுதி முடித்ததும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இத்தனை வருஷமாக அப்பா விடவில்லை, நீ விடவில்லை, குருவி விடவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா பதினாறாம் தேதி விட்டுவிட்டார். நீ இருபதாம் தேதி விட்டுவிட்டாய். இப்போது திட்ட ஆளில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. கரண்டி எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று தெரியாத வீட்டில் நான் ஒருநாள்கூட இருந்ததில்லை. அந்தப் பிள்ளைகள் என்னைப் பார்த்து அழுதால் என்ன செய்வது? அவருக்கு என்னைப் பிடிக்காமல் போனால்?

மேலனுக்கு எழுதின கடிதம் இதே உறையில் இருக்கிறது. எட்டு நாளில் மூன்று தடவை தபால்பெட்டிவரை கொண்டுபோய்விட்டேன். என்னிடம் இருந்தால் ஒருநாள் போட்டுவிடுவேன். பிரிக்காமல் உன் அடுப்பில் போடு. அவருக்கு நான் வருகிறேன் என்று நீயே ஒரு வரி எழுதிவிடு. உன் கையெழுத்து எப்போதும் அழகு.

பதினாலாம் தேதி வந்து இறங்கியதும் வேன்காரரை அனுப்பிவிடாதே, என்னை ரயிலடிக்குக் கொண்டுபோக நிற்கச் சொல். என் பெட்டி கட்டியிருக்கிறதா என்று கேட்காதே, கட்டியிருக்காது. கையில் கிடைக்கிற துணியை உள்ளே போடு. அடுப்பில் ஏதோ இருக்கிறது என்பேன், அப்பாவுக்கு மருந்து கொடுக்கணும் என்பேன், ஆகஸ்டில் குருவிகள் போனதும் போகிறேன் என்பேன். எதையும் காதில் வாங்காதே. என்னை வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்து.

உன் தங்கை,
ரோடா