மாம்பழக் காந்தமும் மொறிஸ் மைனரும்

மே 4, சனி

இன்றோடு மூன்று டீலர், மூன்று பழைய மொறிஸ் மைனர் கார். மூன்றும் "டொக்டர் ஓடினது" என்கிறார்கள். மட்டக்களப்பில் இவ்வளவு டொக்டர்மாரா? முப்பது வருசம் மருத்துவிச்சியாக ஸ்கூட்டரில் அலைந்த எனக்குத் தெரியாமலா!

ஓய்வூதியத்தோடு வந்த மொத்தக் காசு ஒருதரம்தான் வரும். தகரம் துருவேறிக் கறள் பிடித்ததை வாங்கினால் என் ஆசை அதோடு சரி.

மே 5, ஞாயிறு

கராஜ் நிலோஜன் வழி சொன்னான். "அன்ரி, காந்தம் கொண்டு போங்க. தகரத்தில ஒட்டும். கறளை மறைச்சுப் பட்டி பூசின இடத்தில ஒட்டாது."

பிரிட்ஜில் கறண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருந்த மாம்பழக் காந்தத்தை எடுத்துக்கொண்டேன்.

மே 11, சனி

தேற்றாத்தீவுக் கார். ஒட்டவில்லை.

மே 19, ஞாயிறு

டவுனில் டீலர் உதயரூபனின் நீலக் கார். என்ன வடிவு! கேள்வி கேட்டது நான், பதில் முழுக்க என் மனுசனுக்கு. "எஞ்சின் தங்கம், சேர்." சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாத மனுசன், "ஓம், ஓம்" எண்டு தலையாட்டுறார்! எனக்கு வந்த கோபம்...

கைப்பையைத் துழாவினேன். காந்தத்தை மேசையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஆனாலும் அந்த நீலம்! "சரி, அட்வான்ஸ்..." என்று வாய் திறந்துவிட்டேன்.

இவர் சேட் பொக்கெற்றுக்குள் கைவிட்டார். மாம்பழம்! கதவில் வைத்தார், தொப்பென்று விழுந்தது. நாலு இடத்தில் வைத்தார். நாலிலும் விழுந்தது.

"சேர், அது வந்து..."

"என்னட்டச் சொல்லாதீங்க தம்பி. ஓட்டப்போறவ இவ."

முப்பத்தாறு வருசத்தில் இந்த மனுசனை இவ்வளவு பிடித்த நாள் இல்லை. அவரிடம் சொல்லவில்லை. றால் குழம்பு வைத்தேன்.

ஜூன் 1, சனி

தன்னாமுனையில் மஜீட் காக்காவின் கார். நிறம் மங்கி, பார்க்க ஒன்றுமில்லை.

"புதுப் பெயின்ற் அடிக்கல்ல தங்கச்சி. பின் மட்கார்ட்டில மட்டும் என்ட பூச்சு இருக்கு. ஆரு ஓட்டுற?"

"நான்தான்."

"அப்ப இந்தாங்க கார்த் திறப்பு, ஓட்டிப் பாருங்க."

காந்தம் பின் மட்கார்ட்டில் மட்டும் விழுந்தது. வாங்கிவிட்டேன்!

ஜூன் 16, ஞாயிறு

கல்லடியிலிருந்து மாங்கேணிவரை ஓட்டிப்போய்த் திரும்பினேன். கார் இரண்டுதரம் நின்றது. இவர் இறங்கித் தள்ளினார், நான் இறங்கவே இல்லை.

காந்தம் இப்போது காரில், ஸ்டேரிங்குக்குப் பக்கத்தில். கறண்ட் பில் பிரிட்ஜுக்கு அடியில் கிடந்ததை இன்றுதான் கண்டோம். கடைசித் திகதி போய்விட்டது.

"நாளைக்குக் கட்டுவம்," என்றார் இவர். "காரிலயே போவம்."