அன்புத் தோழி பேட்ஜைத் திரும்பப் பெறக் கோரும் மனு

அனுப்புநர்:
ஏழாம் வகுப்பு 'அன்புத் தோழி'யின் அப்பாவைப் பெற்றவள்,
தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்த வீடு,
பள்ளியின் பின்வாசல் தெரு.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: என் பேத்திக்குக் கொடுத்த பேட்ஜைத் திரும்பப் பெறுவதும், அவளால் பள்ளிக்கு வராமல் போன பிள்ளையை மீண்டும் வரவைப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாவது வரை படித்தவள். மகனை எழுதச் சொன்னால் வெட்கப்பட்டுப் பாதியை விழுங்கிவிடுவான் என்பதால் நானே எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருக்கலாம். விஷயத்தில் பிழை இல்லை.

1. மேற்படி பள்ளியில் வகுப்புக்கு ஒரு பிள்ளையை ஓட்டுப் போட்டு 'அன்புத் தோழி' ஆக்கி, மஞ்சள் பேட்ஜ் குத்திவிடுகிறார்கள். யாராவது மனம் சோர்ந்திருந்தால் அந்தப் பிள்ளைதான் போய்ப் பேச வேண்டும். என் பேத்திக்கு வகுப்பே ஓட்டுப் போட்டது. அதை நான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

2. போன வாரம் அதே வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாயார் எங்கள் வீட்டுக்கு வந்தார். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். தன் மகள் பள்ளிக்குப் போகாமல், சரியாகச் சாப்பிடாமல், சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருப்பதாகச் சொன்னார். "உங்க பேத்திதான் அன்புத் தோழியாம், டீச்சர் சொன்னாங்க. ஒரே ஒரு தடவ வந்து பேசச் சொல்லுங்கம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பெருமையாகத் தலையாட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் முகம் எரிகிறது.

3. பேத்தியைக் கூப்பிட்டேன். அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பரீட்சையில் இவள் பார்த்து எழுதியதை அந்தப் பிள்ளை ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறது. அன்றிலிருந்து யாரும் அதனிடம் நேரே பேசக்கூடாது என்பது என் பேத்தி போட்ட சட்டம். அந்தப் பிள்ளை பக்கத்திலேயே நிற்கும்போது, இன்னொருத்தியைப் பார்த்து, "அவகிட்ட அந்தப் பைய நகத்தச் சொல்லுடி" என்பார்களாம். அது பதில் சொன்னால் ஒருவர் காதிலும் விழாதாம். என் பேத்திக்கு விழுந்த ஓட்டெல்லாம் பயத்தில் விழுந்த ஓட்டு.

4. ஐயா, இது என் வீட்டு வழக்கம். நானும் என் ஓரகத்தியும் ஒரே சமையலறையில் சமைக்கிறோம். என் மகன் கல்யாணத்தன்று அவள் என்னைச் சொன்ன ஒரு சொல்லுக்காக அவளிடம் பேசுவதை நிறுத்தியவள் நான். எந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள் என்பதுகூட நினைவிருக்கிறது. மனுவுக்கு அது தேவையில்லை. "உன் சின்னப் பாட்டிகிட்ட அடுப்பக் குறைக்கச் சொல்லு" என்று பேத்தியிடம்தான் சொல்வேன். அடுப்பும் ஓரகத்தியும் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பார்கள். விஷயம் தெரிந்து பேத்தியை அடிக்கக் கை ஓங்கினேன். "நீ சின்னப் பாட்டிகிட்ட பேசுறியா பாட்டி?" என்று கேட்டாள். ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

5. தலைமையாசிரியையிடம் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. அதை மறக்க மாட்டேன். "சின்னப் பிள்ளைங்க சண்டைம்மா, நாளைக்கே ஒட்டிக்குவாங்க" என்றார். பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்தேன். விழாவில் எல்லோர் முன்பும் கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் பள்ளிக்குக் கெட்ட பெயர் என்று என் பையிலேயே போட்டனுப்பினார். அதை இத்துடன் இணைத்துள்ளேன்.

6. அந்தப் பிள்ளையைப் பார்க்கவும் போனேன். அது என் பக்கம் திரும்பவில்லை. "நான் வந்தா யாராச்சும் எங்கிட்ட பேசுவாங்களா?" என்று சுவரைப் பார்த்தே கேட்டது. பேசுவார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே, அந்தக் கேள்விக்குத் தாங்கள் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் மனசைப் பிள்ளைகள் தலையில் கட்டாமல், அதற்கென்று படித்த பெரியவர் ஒருவரைப் பள்ளியில் அமர்த்த வேண்டும். அவருக்குக் கதவு உள்ள அறை வேண்டும். இப்போதிருக்கும் 'மனசு விட்டுப் பேசும் இடம்' ஆசிரியர்கள் டீ குடிக்கும் வராந்தா. அன்புக்கு ஓட்டுப் போடுவதை நிறுத்த வேண்டும். என் பேத்தியைத் தண்டியுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவளிடம் யாரும் பேசக்கூடாது என்று மட்டும் தண்டித்துவிடாதீர்கள்.

மனுவுக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்று தங்கள் அலுவலக வாசலில் சொன்னார்கள். பேத்தி பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஓரகத்தியின் முகத்தைப் பார்த்து நானே கேட்டேன். "எங்க போடணும்க்கா?" என்றாள். இடத்தைக் காட்டினேன். அந்தக் கல்யாணச் சொல்லை இன்னும் மன்னிக்கவில்லை.

தங்கள் பதிலை அந்தப் பிள்ளையின் வீட்டுக்கே நேரில் போய்ச் சொல்லும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன். யாரிடமும் சொல்லி அனுப்ப வேண்டாம்.

இடம்: எங்கள் சமையலறை
நாள்: திங்கட்கிழமை, பள்ளி மணி அடிக்கும் முன்

இப்படிக்கு,
தலைகுனிந்து,
(கையெழுத்து) பேத்தியின் பாட்டி

சாட்சி:
(கையெழுத்து) சின்னப் பாட்டி