ஐந்து மா நிலத்துக்கு வாங்கிய அகழ்பொறி

விளம்பி ஆண்டு ஆனித் திங்கள் ஏழாம் நாள் முற்பகலில், தென்மேட்டுக் கூற்றம் என்னும் நாட்டுப் பிரிவில், புலிப்பாறை ஊர்ப்புறத்தில், ஐந்து மா நிலமுடைய பூதன் என்னும் குடியானவன், தன் நிலத்தில் குளம் தோண்ட வந்த அகழ்பொறியின் முன்வாய் இறங்கியதால் இறந்தான்.

நீர் குன்றாதிருக்க. நிலம் பொய்யாதிருக்க. செங்கரை நாடு முழுவதையும் ஒரு குடைக்கீழ்ப் புரந்தருளும் இளங்கண்டத் தேவர் திருவாணையின்படி, அவர்தம் திருமுகம் எழுதும் காவிதி எயினன் மாதேவன், மலையும் மேடும் காத்துவரும் தென்மேட்டு அதிபதி விடங்கப் பேரரையருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டையும் கொட்டிலும், தங்கள் மக்களும் அவர்தம் மக்களும் நலமுற்றிருக்க வேண்டுமென்பது மன்னர் விருப்பம். இவ்வோலை வந்த காரியம் நலத்தைப் பற்றியதன்று; அதனைப் பொறுத்தருள்க.

தாங்கள் முன்னர் விடுத்த ஓலை திருமுன் படிக்கப்பட்டது. பொறியைத் தேர்ந்தவன் பூதனே ஆதலின் அவன் சாவுக்குக் கூற்றம் பொறுப்பன்று என்றும், ஐப்பசி மழைக்குள் ஆள் ஆழக் குளம் இல்லாத மேட்டு நிலம் கூற்றத்துக்கே திரும்பும் என்ற ஊர்முறைப்படி அவன் மனைவி வேம்பி நிலத்தை விட்டு நீங்க வேண்டும் என்றும், பொறியை ஓட்டிய தத்தன் சிறையில் இருக்கின்றான் என்றும் அதில் கண்டிருந்தது. அதைக் கேட்ட மன்னர், நேரில் சென்று பார்த்து வருமாறு எனக்குப் பணித்தார். சென்றேன். அங்கே கண்டதைக் கண்டவாறும் கேட்டதைக் கேட்டவாறும் இதில் எழுதுகின்றேன். குடிகள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே வைத்திருக்கின்றேன். அரசவை மொழிக்கு மாற்றிப் பார்த்தபோது அவர்கள் சொன்னதில் பாதி காணாமற் போயிற்று.

பெரிய ஏரியை அகலப்படுத்தியபோது தாழ்நிலம் இழந்தவர்களுக்கு மேட்டில் குடிக்கு ஐந்து மா அளக்கப்பட்டதைத் தாங்கள் அறிவீர். அங்கே ஒரு முழத்துக்குச் செம்மண். அதன்கீழ்ச் சுக்கான் பாறை. பூதனும் வேம்பியும் இரண்டு கோடை கடப்பாரையால் குத்தித் தொடை ஆழம் இறங்கினர். அதற்குமேல் கடப்பாரைதான் வளைந்தது. வாடகைப் பொறிகள் கோட்டையடிப் பெருநிலங்களை விட்டு மேடேறி வருவதில்லை. வந்தாலும் வந்துபோகும் வழிக்கே பாதிக் கூலி கேட்டனர். ஆகவே மேட்டுக்குடிகள் எல்லாரும் முறைவைத்துப் பயன்படுத்துவதற்காக ஒரு பொறி வாங்கிக்கொள்ள அரண்மனை பொருள் அளித்தது. தங்கள் நிலக்காரியம் பார்க்கும் சேந்தனும், குடிகள் சார்பில் பூதனும் சங்குத்துறைக்குச் சென்றனர்.

அகழ்பொறி யாதென்று அவையில் சிலர் கேட்டமையின் இங்கே சொல்கின்றேன். எண்ணெய் குடித்து ஓடும் நான்கு சக்கர இரும்புவண்டி அது. முன்னே மண்ணை வாரித் தள்ளும் அகன்ற வாய். பின்னே முழங்கை போல் மடங்கும் நெடுங்கை. அதன் நுனியில் பல்வைத்த கூடை. ஓட்டுகிறவன் வழிநடக்கும்போது முன்நோக்கி இருப்பான். தோண்டும்போது இருக்கையைத் திருப்பிப் பின்நோக்கி இருப்பான். தோண்டுமுன், வண்டி ஆடாதிருக்க, முன்வாயைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொள்வான். இது எல்லாத் துறைகளிலும் எல்லா ஓட்டிகளும் செய்வது.

துறையில் மூன்று பொறிகள் நின்றன. முதலாவது புதியது, மிகப் பெரியது. அதைச் சேந்தன் விரும்பினான். கூற்றத்தின் பெயருக்கு அதுவே அழகென்று அவன் எண்ணினான். ஆனால் மேட்டு நிலங்களின் வரப்புவாய் இரண்டு எருதுகள் சேர்ந்து நுழையும் அகலமே உடையது. அப்பொறியை உள்ளே விட வேண்டுமானால் ஒவ்வொரு நிலத்துக்கும் அயலானின் கல்வரப்பை இடிக்க வேண்டும். ஐந்து மாவுக்குள் அது திரும்பி நிற்பதற்கே ஒரு மா போய்விடும். அரண்மனை அளித்த பொருள் அதன் விலையில் பாதிக்கும் காணாது. இரண்டாவது சிறியது, புதியது, மலிவானது. உழவுவண்டியின் பின்னால் மாட்டும் வெறுங்கை. அதன் பல்லைத் தட்டிப் பார்த்த பூதன், இது கீரைப்பாத்திக்கு ஆகும், சுக்கானுக்கு ஆகாது என்று விட்டுவிட்டானாம்.

மூன்றாவது, உப்பளத்தில் உழைத்துக் களைத்த நடுத்தரப் பொறி. வரப்புவாயில் நுழையும். சுக்கானை உடைக்கும். கொடுத்த பொருளுக்குள் அடங்கி, ஓட்டிக்கும் எண்ணெய்க்கும் மிச்சமும் இருக்கும். அதன் குறை ஒன்றுதான்: தூக்கி நிறுத்திய முன்வாய் நிற்காமல் மெல்ல மெல்லத் தானே இறங்கியது. துறை வணிகன் பரங்கோடன் அதனை மறைக்கவில்லை. என்னிடமும் அவன் அப்படியே சொன்னான்:

“மூக்கு கொஞ்சம் தொங்கும்னு அப்பவே சொல்லிட்டேன் சாமி. வயசான மாட்டுக்குத் தொங்காதா? அடியில ஒரு கட்டையக் குடுத்து வைங்க, உள்ள தேஞ்ச வளையத்த மாத்திட்டா சரியாப் போயிரும்னேன். வளையம் துறையில இல்ல, வரவழைக்கணும், நாலு மாசம் ஆவும். அந்த ஆளு சிரிச்சாரு. ‘நாலு மாசத்துல ஐப்பசி வந்துரும், என் நெலம் போயிரும், வளையத்த வச்சு நான் காதுலயா போட்டுக்க’ன்னாரு. நல்ல மனுசன் சாமி. பேரம்கூடப் பேசத் தெரியல.”

எனவே தேர்ந்தவன் பூதனே என்று தாங்கள் எழுதியது உண்மை. அவன் தேர்வில் யான் பிழை காணவில்லை. அவன் இடத்தில் அதே பொருளோடும் அதே காலக்கெடுவோடும் நின்ற எவரும் அதையே வாங்கியிருப்பர்.

பொறி மேடேறிய நாளில் ஊர் திரண்டு பார்த்தது. துருவேறிய அதன் உடலைக் கண்டு, அயல்நிலத்துக் கொடும்பன் என்பான், “பொண்ணு பாக்கப் போன மாப்பிள்ள மாமியாளக் கூட்டியாந்துட்டாருடா” என்றானாம். பூதன், “மாமியாதான் வேலை செய்வா, மாப்ள. ஒன் நெலத்துக்கு வர்றப்ப காலத் தொட்டுக் கும்புடு” என்றானாம். இதைக் கொடும்பனே எனக்குச் சொன்னான். சொல்லிவிட்டு எழுந்து அப்பால் போய்விட்டான்.

குடிகள் சீட்டெடுத்ததில் முதல் முறை பூதனுக்கு விழுந்தது. இனி எழுதுவது அன்று நடந்தது.

மேட்டுக்குடிகளிடம் நெற்றிகாட்டுதல் என்றொரு வழக்கம் உண்டு. புதிய எருது முதன்முறை ஒரு நிலத்தில் இறங்கும்போது, நிலமுடையவன் அதன் முன்னே குந்தி, தன் நெற்றியை அதன் நெற்றியில் வைத்து, நிலத்தின் பெயரைச் சொல்வான். எருதின் பின்னே நிற்கும் உழவன், எருது அமைதியாக இருப்பதைக் கண்டு, ‘எழு’ என்று சொன்ன பின்பே அவன் எழுவான். அதற்குமுன் எழுந்தால் எருது அந்த நிலத்துக்குப் பகையாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. பொறியும் நிலத்தில் இறங்கி உழைப்பதால் அதற்கும் இது வேண்டும் என்று ஊரார் முடிவு செய்தனர். எவரும் மறுக்கவில்லை. சேந்தன் அங்கே இருந்தான். அவனும் மேட்டிலே பிறந்தவன். அவனுக்கும் அது இயல்பாகவே தோன்றியது.

தத்தன் சங்குத்துறை ஊரான். பொறியோடு மேட்டுக்கு வந்து அன்று மூன்றாம் நாள். குளத்திடத்தில் வண்டியை நிறுத்தி, முன்வாயை இடுப்பளவு உயர்த்தி வைத்துவிட்டு, தோண்டுவதற்காக இருக்கையைத் திருப்பிக்கொண்டான். அவன் முதுகு பூதன் பக்கம் இருந்தது. பூதன் வந்து குந்தி, முன்வாயின் இரும்பில் நெற்றியை வைத்தான். நிலத்தின் பெயரைச் சொன்னான். ‘எழு’ என்ற சொல்லுக்காகக் காத்திருந்தான். ஊரும் காத்திருந்தது. தத்தனுக்கு அப்படியொரு சொல் இருப்பதே தெரியாது. அவன் எல்லா ஓட்டிகளும் செய்வதுபோல், திரும்பிப் பாராமலே பிடியை அழுத்தி முன்வாயைத் தரையில் ஊன்றினான். மெல்ல இறங்கும் வாய் அன்று மெல்ல இறங்கவில்லை.

சிறையில் தத்தன் சொன்னது:

“பின்னால திரும்பி ஒக்காந்தா முன்னால ஆள் இருக்கும்னு யாருங்க நெனைப்பா? எங்க ஊர்ல பொறிக்கு எண்ணெ ஊத்துவாங்க, திட்டுவாங்க, கும்புட மாட்டாங்க. அத்தன பேரு நின்னாங்களே ஐயா. ஒருத்தராவது கத்தியிருக்கலாம். அப்புறம்தான் சொன்னாங்க, நான் எழுன்னு சொல்ற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாதாம். நான் சொல்லியிருப்பேனே. சொல்றதுக்கு எனக்கென்ன நட்டம்?”

வேம்பியைக் குளத்தருகே கண்டேன். குளம் இன்னும் தொடை ஆழமே. தங்கள் ஆள் ஒருவன் அளவுகோலோடு இருமுறை வந்து போனதாகச் சொன்னாள். அவள் அழவில்லை; என்னை உட்காரவும் சொல்லவில்லை. தத்தனைத் தண்டிக்க வேண்டுமா என்று கேட்டதற்கு அவள் விடையிது:

“அந்தப் பையன என்னத்துக்குங்க? அந்தப் பொறிக்கு மூஞ்சி முன்னாடியா பின்னாடியான்னு எங்களுக்கே தெரியல, அவனுக்கு எங்க வழக்கம் எப்படித் தெரியும்? அந்த மூக்கு தொங்குறது எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். வந்த அன்னைக்கே எங்கிட்டச் சொன்னாரு, கீழ போயி நிக்காதன்னு. தெரிஞ்சுதான் போயி ஒக்காந்தாரு. நெலத்துக்குப் பகையாகிரக் கூடாதுல்ல. இப்ப நெலத்தையே கேக்குறீங்க.”

பொறியை வேறு மாற்றித் தர வேண்டுமா என்றும் கேட்டேன். “வேற வாங்க ஒங்ககிட்டக் காசு இருக்கா?” என்றாள். இல்லை என்றேன். “அப்ப இதையே அனுப்புங்க. ஐப்பசிக்குள்ள ஆழம் வேணும். வளையத்த மாத்தி அனுப்புங்க” என்றாள்.

மன்னர் இவற்றைக் கேட்டபின் அவையில் கூறியது இது: ஏரிக்காக நிலத்தை வாங்கிக்கொண்டு பாறையை அளந்தது அரசு, பாறைக்குக் கெடு வைத்தது கூற்றம், அக்கெடுவுக்குள் வாங்கக்கூடிய ஒன்றை வாங்கியவன் மட்டுமே மாண்டான். ஆதலின் பொறுப்பு அவனுடையது என்று எந்த ஓலையிலும் இனி எழுதலாகாது.

தென்மேட்டு அதிபதி இதனைத் திருவாணையாகக் கொள்க. தத்தன் இவ்வோலை கண்ட அன்றே விடுவிக்கப்பட வேண்டும். தேய்ந்த வளையம் கூற்றத்தின் செலவில் வரவழைத்து மாற்றப்பட வேண்டும். அதுவரை பொறி எந்த நிலத்திலும் இறங்கலாகாது. வளையம் பொருந்தியபின் முதல் முறை வேம்பிக்கே. ஐப்பசிக் கெடு அவள் நிலத்துக்கும், இப்பொறிக்குக் காத்திருக்கும் ஏனைய மேட்டு நிலங்களுக்கும் அடுத்த ஐப்பசி வரை நீட்டப்பட்டது. வேறொரு பொறி வாங்கித் தர அரண்மனையிடம் இவ்வாண்டு பொருள் இல்லை. இதனைக் குடிகளிடம் மறையாமல் சொல்க. நெற்றிகாட்டுதல் எருதுக்கு உண்டு, இரும்புக்கு இல்லை. பொறி ஓடும் நிலத்தில் அதன் முன்னோ பின்னோ எவரும் நிற்கலாகாது என்பதை மேட்டு ஊர்கள்தோறும் பறையறைந்து அறிவிக்க. குடிகளின் வழக்கத்தை மன்னர் இகழ்ந்தார் என்று எவரும் கொள்ள வேண்டா. அவர் அதனைச் சொன்னபோது குரல் தாழ்ந்திருந்தது என்பதை எழுதுமாறு எனக்குப் பணிக்கப்படவில்லை, இருந்தும் எழுதினேன்.

இவ்வாணை நீர் உள்ளளவும் நிற்க. மாறு செய்வோர் செங்கரை நீரைக் கையேந்தும் உரிமை இழப்பர். ஆடித் திங்கள் பன்னிரண்டாம் நாள், திருமுன் படித்துக்காட்டி, இரட்டைக் கெண்டை முத்திரை இட்டது. எழுத்து, காவிதி எயினன் மாதேவன்.

ஓலையின் மறுபுறம், தென்மேட்டுக் கரணத்தான் எழுதியது: ஓலை வந்தது. தத்தன் விடுவிக்கப்பட்டுச் சங்குத்துறை சென்றான். வளையம் மாசியில் வந்து பொருத்தப்பட்டது. பொறி பங்குனியில் வேறோர் ஓட்டியுடன் வேம்பியின் நிலத்தில் இறங்கியது. முன்னே எவரும் நிற்கவில்லை. குளம் ஆள் ஆழம் தோண்டப்பட்டு அளக்கப்பட்டது. ஐந்து மா நிலமும் வேம்பி பெயரில் நிற்கின்றது. கொடும்பன் அதனை வாரப் பங்குக்கு உழுகின்றான். அவள் அங்கே குடியிருக்கவில்லை.