அழைத்துப் போக ஆள் வேண்டும்

தஞ்சாவூர்
மாசி மாதம்

அன்புள்ள நாகரத்தினம் அக்காவுக்கு,

மீனா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. வேளாவேளைக்குச் சோறு போடுகிறார்கள். மாமாவும் குந்தவையும் நீயும் நன்றாக இருக்க வேண்டும்.

இதைக் கொண்டுவந்து தருபவர் என் வக்கீல் ஹம்சத்வனி. அக்கம்பக்கத்தில் கேட்டால் ரேஷன் கார்டு விஷயம் என்று சொல்.

என்னை வைத்திருக்கிற காப்பகத்திலிருந்து உன்னிடம் விசாரிக்க வந்த மேடம் எல்லாம் சொன்னார். ஆதாரில் நம் ஊர் இருந்ததால் உன்னைத் தேடி வந்திருக்கிறார். என் போட்டோவைப் பார்த்துவிட்டு, "யாருன்னே தெரியலீங்க, எங்கப்பா காயாரோகணத்துக்கு நான் ஒரே பொண்ணுங்க" என்றாயாம். நீ போட்ட இஞ்சி டீயை மேடம் பாராட்டினார். எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. உன் பெண் குந்தவைக்குப் பரிசம் போட்டிருக்கிற நேரம். ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தெரிந்தால் மாமா படகில் ஒருவனும் ஏறமாட்டான், அவர் மீனை ஏலத்தில் கேட்க மாட்டார்கள்.

நடந்தது இதுதான். இந்தத் தொழிலில் தனியாக இருப்பவள் கழுத்தை நெரித்தாலும் கேட்க ஆளில்லை. அதனால் நானும் அம்சம் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தோம். ஒருவன் என்னை பெல்ட்டால் அடித்தான். புகார் கொடுக்கப் போனேன். ஸ்டேஷனில் அவன் பெயரைவிட என் முகவரியைத்தான் கவனமாக எழுதிக்கொண்டார்கள். மறுநாள் அந்த முகவரிக்கு வந்தார்கள். அடித்தவன் வெளியில்தான் இருக்கிறான்.

உங்களை மீட்கிறோம் என்று சொல்லி வேனில் ஏற்றினார்கள். அம்சம் அக்கா, "அடி வாங்குனப்ப ஒருத்தரையும் காணோம், மீக்கறதுக்கு மட்டும் வேன் நெறைய வந்திருக்கீங்களே சார்" என்றார். தெருவே சிரித்தது. வீடு அவர் பெயரில் இருந்ததால், விடுதி நடத்தினார் என்று வழக்கு. திருச்சி ஜெயிலில் இருக்கிறார். இரண்டு பெண்கள் துணைக்குச் சேர்ந்திருந்தால் அதற்குப் பெயர் விபச்சார விடுதி.

என் மேல் வழக்கு இல்லை. வழக்கிருந்தால் ஜாமீன் உண்டு. என்னைப் பாதுகாப்புக்காக அடைத்திருக்கிறார்கள், அதற்கு ஜாமீன் கிடையாது. வயது வந்தவள் தன் இஷ்டத்துக்குச் செய்தால் தொந்தரவு செய்யாதீர்கள் என்று டெல்லி கோர்ட்டே சொல்லியிருக்கிறதாம். அது இங்கே வந்து சேரவில்லை. மாஜிஸ்திரேட், "யாரோடம்மா போவே?" என்று கேட்டார். "நானே போய்க்கிறேங்கய்யா, பஸ்ஸு தெரியும்" என்றேன். எனக்கு இருபத்தொன்பது வயது. ஓட்டுப் போட்டிருக்கிறேன். ஆனாலும் சொந்தக்காரர் யாராவது வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போக வேண்டுமாம்.

கேட்டைப் பூட்டிவிட்டுத் தையல் சொல்லித் தருகிறார்கள். பின்னால் வயலில் அறுத்த நெல் தாளுக்கு நடுவே உளுந்து பச்சை கட்டிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஒன்றும் தோன்றாது.

விஷயத்துக்கு வருகிறேன். மேடம் மறுபடியும் வருவார். இந்தத் தடவை ஏலக்கூடத்தில் என் போட்டோவைக் காட்டிக் கேட்பார். அதற்குள் நீ ஒன்று எழுதிக் கொடுத்துவிடு. என்னை ஏற்க மாட்டோம், அழைத்துப் போக மாட்டோம் என்று. கூடப்பிறந்தவளே வேண்டாம் என்றால், அழைத்துப் போக ஆளில்லை, தனியாக விடுங்கள் என்று ஹம்சத்வனி வாதாடுவார். அந்தக் கடிதம் மாஜிஸ்திரேட் கைக்கு மட்டும்தான் போகும். ஊருக்கு வராது.

ஆனால் யாரென்றே தெரியாது என்று பொய் எழுதினால் பிற்பாடு உனக்குத்தான் சிக்கல் என்கிறார். அதனால் மீனா என் தங்கை என்று முதலில் எழுதியாக வேண்டும். அதற்கடுத்துத்தான் ஏற்க மாட்டேன் என்பது. பின்னால் வருவதையெல்லாம் ஹம்சத்வனி எழுதிக்கொள்வார். முதல் வரியை மட்டும் நீ உன் கையால் எழுது அக்கா.

குந்தவையைக் கட்டுகிறவன் கை நீட்டாதவனாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மீனா